கை மாறும் வாள்

1827ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை தன் அதிகாரிகளுக்கென்று ஒரு வாளை வகுத்துக் கொடுத்தது. அலகின் வடிவம் பின்னால் இரண்டு மூன்று முறை மாறியது. பிடி மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கடற்படையின் அதிகாரி அணிவகுப்புக்குப் போகும்போது இடுப்பில் தொங்குவது அதுதான்.

அதே 1827இல், அக்டோபர் 20 அன்று, கிரேக்கக் கரையிலுள்ள நவாரினோ விரிகுடாவில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து துருக்கி–எகிப்துக் கப்பற்படையை நொறுக்கின. பாய்மரக் கப்பல்கள் மட்டுமே பொருதிய கடைசிப் பெரும் போர் அது. பெரும்பாலான கப்பல்கள் நங்கூரமிட்ட இடத்திலிருந்தே சுட்டுக்கொண்டன. கால் நூற்றாண்டு கழித்து, 1853இல், சினோப் துறைமுகத்தில் ரஷ்யாவின் வெடிகுண்டுப் பீரங்கிகள் மரக்கப்பல்களை எரித்துச் சாம்பலாக்கின. 1860இல் 'வாரியர்' என்ற இரும்புக் கப்பல் தேம்ஸ் நதியில் இறங்கியது. எதிரியின் தளத்தில் குதித்து வாளால் வெட்டிக்கொள்ளும் சண்டை வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்தில்தான் கடற்படை அதிகாரியின் வாள் தன் இறுதி உருவத்தை அடைந்தது. பிறகு எதற்காக அந்த வாள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்த்தால் விடை கிடைக்கிறது.

முதலில் வாளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அலகு ஏறக்குறைய எண்பது சென்டிமீட்டர் நீளம், லேசான வளைவு. தொடக்கத்தில் அலகின் முதுகில் குழாய்போல ஓர் உருட்டு ஓடியது. 1846க்குப் பிறகு அது போய், பக்கங்களில் பள்ளம் வெட்டிய, ஒருபக்கம் மட்டும் கூரான அலகு வந்தது. பிடியின் தலையில் பித்தளையில் வார்த்த சிங்கமுகம். அதன் பிடரிமயிர் அலை அலையாகப் பிடியின் முதுகு வழியே கீழே இறங்குகிறது. பிடியைச் சுற்றி வெள்ளை மீன்தோல். சுறாத்தோல் என்று சொல்வது வழக்கம், ஆனால் பெரும்பாலும் திருக்கையின் தோல்தான். தோலில் இயற்கையாகவே மணி மணியாகப் புடைப்புகள் இருப்பதால் உப்புத்தண்ணீரில் நனைந்த கையும் வழுக்காது. அதன்மேல் முலாம் பூசிய கம்பி இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும். விரல்களை மறைக்கும் காப்பு ஒரே பித்தளைத் தகடு, பாதிக் கூடைபோலக் குவிந்தது. அதில் கயிறு சுற்றிய நங்கூரமும் மேலே கிரீடமும். காப்பின் உட்புறத்தில் மடங்கும் சிறு தகடு ஒன்று உண்டு. அதிலுள்ள துளை உறையின் வாயிலுள்ள குமிழில் மாட்டிக்கொள்ளும். கப்பல் எவ்வளவு ஆடினாலும் வாள் உறையிலிருந்து நழுவாது. மீன்தோல், இந்தத் தகடு இரண்டை மட்டும்தான் கடலை நினைத்துச் செய்தது என்று சொல்லத் தோன்றுகிறது. மற்றவை எல்லாம் பார்வைக்கானவை.

உறை கறுப்புத் தோல், மூன்று இடத்தில் பித்தளைப் பூண். மேல் இரண்டு பூண்களிலுள்ள வளையங்களிலிருந்து வார்கள் இடைக்கச்சைக்குப் போகின்றன. அந்த வார்கள் அநியாயத்துக்கு நீளம். இடக்கையால் தூக்கிப் பிடிக்காவிட்டால் வாள் தரையில் இழுபடும். 1797இல் மாலுமிகள் கலகம் செய்ததைத் தடுக்கத் தவறியதற்காக அதிகாரிகளுக்கு விதித்த தண்டனை இது என்று கடற்படை உணவு மேசைகளில் இன்றும் கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. குதிரைப்படைக்காரர்கள் தங்கள் வாளை அப்படி இழுத்துக்கொண்டு நடந்ததுதான் அன்றைய பகட்டு, கடற்படை அதைப் பார்த்து எடுத்துக்கொண்டது.

1748இலேயே அதிகாரிகளுக்குச் சீருடை வந்துவிட்டது. ஆனால் இன்ன வாள்தான் கட்ட வேண்டும் என்ற விதி 1805 ஆகஸ்டில்தான் வந்தது. இடைப்பட்ட ஐம்பத்தேழு ஆண்டுகளும் அவரவர் விருப்பம், அவரவர் பணப்பை. குட்டையான வளைவாள், நேரான மெல்லிய வாள், அரசவைக்குக் கட்டிப்போகும் குத்துவாள் என்று எல்லாமே கப்பலில் இருந்தன. 1805 விதி நேரான அலகைச் சொன்னது. கேப்டன், கமாண்டர் நிலையிலிருப்போருக்குத் தந்தப்பிடி, லெப்டினன்டுக்கும் மிட்ஷிப்மேனுக்கும் கறுப்பு மீன்தோல் பிடி. விதி வந்த இரண்டரை மாதத்தில் பிரெஞ்சு–ஸ்பானியக் கப்பற்படையோடு டிராஃபால்கர் போர். அதற்குள் புது வாள் செய்து வாங்கியவர் எத்தனை பேர் இருந்திருக்கப்போகிறார்கள்? அந்தப் போரில் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் இடுப்பில் எந்த வாளும் இல்லை. அது மேசைமேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது, கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள அவர் மறந்துவிட்டார் போலும் என்று அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் பீட்டி எழுதியிருக்கிறார். அவர் வாளில்லாமல் இறங்கிய ஒரே போர் அது. இருந்திருந்தாலும் பயனில்லை. எதிர்க்கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து வந்த துப்பாக்கிக் குண்டு அவரைக் கொன்றது.

அப்படியானால் தளத்தில் ஏறிச் சண்டையிட்டவர்கள் எதைப் பிடித்திருந்தார்கள்? மாலுமிகளுக்கு 1804 மாதிரி வெட்டுவாள் உண்டு. கறுப்பாய், முரடாய், இரண்டு வட்டத் தகடுகளை ஒட்டவைத்ததுபோன்ற இரும்புக் காப்புடன் இருக்கும். அது அரசாங்கச் சொத்து. சண்டைக்கு முன் அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், முடிந்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும். அதிகாரியின் வாளோ அவர் சொந்தக் காசில் வாங்கிய சொந்தப் பொருள். பின்னால் வரப்போகிற சடங்குகள் அத்தனையும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல் நிற்கின்றன. தனக்குச் சொந்தமானதைத்தானே ஒருவன் இன்னொருவனிடம் கொடுக்கவும் மறுபடி வாங்கவும் முடியும்?

கொடுக்கும் வாளின் உச்சம் லாயிட்ஸ் தேசபக்த நிதி வழங்கிய வாள்கள். 1803இல் லண்டனில் கப்பல் காப்பீட்டு வணிகர்கள் சேர்ந்து இந்த நிதியைத் தொடங்கினார்கள். போரில் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவுவதோடு, வீரம் காட்டியவர்களுக்கு வாளும் வழங்கியது. வாளுக்கு மூன்று தரம் இருந்தது. கேப்டன், கமாண்டருக்கு 100 பவுண்டு வாள், லெப்டினன்டுக்கு 50, மிட்ஷிப்மேனுக்கு 30. நூறு பவுண்டு என்றால் அன்றைய லெப்டினன்ட் ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். லண்டன் ஸ்ட்ராண்டு வீதியருகே கடை வைத்திருந்த ரிச்சர்ட் டீட் என்பவரிடம் இந்த வேலை போனது. தந்தப்பிடி, பாம்பு சுற்றிய ஹெர்குலிஸின் கதாயுதம்போல வளைந்த காப்பு, நீலமும் பொன்னுமான அலகு.

அந்த நீலம் சாயம் அல்ல. மெருகேற்றிய எஃகைச் சுமார் முந்நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு மயில்கழுத்து நீலம் என்று மாறிக்கொண்டே போகும். நீலம் வந்த கணத்தில் நெருப்பை விட்டு எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நிறம் சாம்பலாகிவிடும். பொன் பூச்சுக்குப் பாதரசம் வேண்டும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிபோலாக்கி, வேண்டிய இடத்தில் தடவிச் சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஆவி போகிற இடம் தொழிலாளியின் நுரையீரல். முலாம் பூசுகிறவர்களுக்குக் கை நடுக்கமும் பல் ஆட்டமும் சாதாரணம். 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன்கள் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இந்த நஞ்சு படிப்படியாகக் குறைந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த வாள்களின்கீழ் பெற்றவரின் பெயர் இருக்கும், போரின் பெயர் இருக்கும். பூசியவரின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை.

இன்னொன்று. நிதி வாளைத்தான் தர வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. அதற்குப் பதில் வெள்ளிப் பாத்திரமோ ரொக்கமோ கேட்டு வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. குடும்பம் நடத்துகிற மனிதனுக்கு நீல அலகைவிட ஐம்பது பவுண்டு ரொக்கம் பெரிதாகத் தெரிந்தால் அதில் தவறென்ன?

வாங்கும் வாளுக்கு வருவோம். தோற்ற கேப்டன் தன் வாளை வென்றவனிடம் நீட்ட வேண்டும். யாரிடம் நீட்டுவது என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. டிராஃபால்கரில் பிரெஞ்சு அட்மிரல் வில்நவ்வின் கொடிக்கப்பல் 'புசாந்தோர்' சரணடைந்தபோது, அதில் முதலில் ஏறியவர் கடற்படைக் காலாள் கேப்டன் ஜேம்ஸ் அட்சர்லி, கூடவே விரல்விட்டு எண்ணக்கூடிய சில வீரர்கள். ஓர் அட்மிரல் சரணடைவதைத் தான் ஏற்பது முறையல்ல, தன் கப்பல் 'காங்கரர்' தலைவர் பெல்லூவிடம்தான் சரணடைய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வெடிமருந்து அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வில்நவ்வைப் படகில் ஏற்றிக்கொண்டு தன் கப்பலைத் தேடிப் புறப்பட்டார். புகைக்குள் அது அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற 'மார்ஸ்' கப்பலுக்குப் போனார்கள். அங்கே கேப்டன் டஃப் தலை சிதறி இறந்துகிடந்தார். முதல் லெப்டினன்ட் ஹென்னாதான் பொறுப்பிலிருந்தார். முறை பார்த்துக் கேப்டனைத் தேடிப்போன அட்மிரல் கடைசியில் ஒரு லெப்டினன்டின் கையில் வந்து சேர்ந்தார்.

ஆனாலும் இந்தச் சடங்கின் இயல்பு முழுவதும் தெரிவது 1812 ஆகஸ்ட் 19 அன்று நடந்த ஒரு சண்டையில்தான். பிரிட்டனின் 'கெரியர்' கப்பலும் அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்' கப்பலும் அட்லாண்டிக்கில் மோதின. கெரியரின் கேப்டன் ஜேம்ஸ் ரிச்சர்ட் டேக்ரஸுக்கு இன்னும் இருபத்துநான்கு வயது நிரம்பவில்லை. அமெரிக்கக் கேப்டன் ஐசக் ஹல். கெரியரின் பின்பாய்மரம் விழுந்து, இரு கப்பல்களும் சற்றுநேரம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. இரு பக்கமும் ஏறிக் குதிக்க ஆயத்தமானது. வாளுக்கு வேலை வரவேண்டிய கணம் ஒன்று இருக்குமானால் அது இதுதான். கடல் கொந்தளித்ததால் யாராலும் தாண்ட முடியவில்லை. கப்பல் விளிம்பில் ஏறி நின்ற அமெரிக்க லெப்டினன்ட் வில்லியம் புஷ் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தார், லெப்டினன்ட் சார்லஸ் மாரிஸ் காயமடைந்தார். டேக்ரஸின் முதுகிலும் குண்டு பாய்ந்தது. ஒரு வாள்கூட வீசப்படாமல் கப்பல்கள் பிரிந்தன. கெரியரின் மற்ற இரண்டு பாய்மரங்களும் சாய்ந்தன.

டேக்ரஸ் அமெரிக்கக் கப்பலுக்கு வந்து வாளை நீட்டினார். ஹல் வாங்க மறுத்தார். இவ்வளவு நன்றாகப் போரிட்டவரின் வாள் வேண்டாம், அந்தத் தொப்பியைக் கொடுங்கள் போதும் என்று அவர் கேட்டதாகவும், இருவரும் போருக்கு முன்பே ஒரு தொப்பியைப் பந்தயம் வைத்திருந்ததாகவும் பின்னாளில் கதை வளர்ந்தது. தொப்பிக் கதையை நான் நம்பவில்லை. ஆனால் மறுத்தது முக்கியம். வாளை வாங்கினால் வெற்றி. வாங்காமல் திருப்பித் தந்தால் வெற்றியோடு பெருந்தன்மையும் சேர்ந்துகொள்கிறது. தோற்றவனுக்கும் மரியாதை மிஞ்சுகிறது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஈரி ஏரியில் வென்ற ஆலிவர் பெர்ரியும் பிரிட்டிஷ் அதிகாரிகள் நீட்டிய வாள்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். 1898 ஜூலையில் கியூபாவின் சான்டியாகோவில் எரிந்துபோன ஸ்பானியக் கப்பலின் கேப்டன் யுலாத்தே தன் வாளை முத்தமிட்டு நீட்டியபோது, அமெரிக்காவின் 'அயோவா' கப்பலின் ராப்லி எவன்ஸும் அதையே செய்தார். நீட்டுவதும் மறுப்பதும் இரு பக்கமும் அறிந்த ஆட்டம் ஆகிவிட்டிருந்தது.

டேக்ரஸின் பாடு இத்தோடு முடியவில்லை. கப்பலை இழந்த பிரிட்டிஷ் கேப்டன் கோர்ட் மார்ஷலில் நின்றே ஆக வேண்டும். அங்கே வாளுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியின் வாள் நீதிபதிகளின் மேசையில் குறுக்கே கிடக்கும். அவர்கள் கூடிப் பேசி முடித்தபின் அவரை உள்ளே அழைப்பார்கள். வாளின் பிடி தன் பக்கம் இருந்தால் விடுதலை, முனை தன் பக்கம் திரும்பியிருந்தால் குற்றவாளி. ஒரு சொல்லும் உதிர்வதற்கு முன்பே வாசற்படியில் நிற்பவருக்குத் தீர்ப்பு தெரிந்துவிடும். 1812 அக்டோபரில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 'ஆஃப்ரிக்கா' கப்பலில் டேக்ரஸின் விசாரணை நடந்தது. கப்பலின் பாய்மரங்கள் உளுத்திருந்தன என்று அவர் எடுத்துச்சொன்னார். மரியாதையோடு விடுவித்தார்கள். பிற்காலத்தில் நன்னம்பிக்கை முனைப் படைப்பிரிவின் தலைமை வரை உயர்ந்தார்.

இந்த மேசையின் நேர்மையை ரொம்பவும் போற்ற வேண்டியதில்லை. 1809 ஏப்ரலில் பாஸ்க் ரோட்ஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் கேப்டன் லார்ட் காக்ரேன் தீக்கப்பல்களை ஏவி பிரெஞ்சுக் கப்பல்களைத் தரைதட்ட வைத்தார். தலைமை அட்மிரல் கேம்பியர் பின்தொடர்ந்து சென்று அழிக்காமல் தூரத்திலேயே நின்றார். காக்ரேன் குறைகூறிப் பேச்சு கிளம்பியதும் கேம்பியரே விசாரணை கேட்டார். போர்ட்ஸ்மத்தில் 'கிளாடியேட்டர்' கப்பலில் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 4 வரை நடந்தது. தலைமை வகித்த சர் ரோஜர் கர்ட்டிஸ் கேம்பியரின் நண்பர். விடுதலை சொல்லி, மகிழ்ச்சி தெரிவித்து, வாளைத் திருப்பிக் கையில் கொடுத்தார். காக்ரேனின் கடற்படை வாழ்வு அதன்பின் பல ஆண்டுகளுக்குத் தலையெடுக்கவில்லை. வாள் எந்தப் பக்கம் திரும்பும் என்பது சில விசாரணைகளில் முதல் நாளே தெரிந்திருக்கும்போல. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிரிட்டிஷ் கடற்படை மேசையிலிருந்து வாளை எடுத்தது.

இதெல்லாம் சடங்குதானா, யாருமே இந்த வாளால் வெட்டவில்லையா என்று கேட்கலாம். வெட்டினார்கள், பெரும்பாலும் தரையில். கிரிமியாவிலும், 1857இல் லக்னோவிலும், பின்னர் சூடானிலும் கடற்படையினர் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு காலாட்படையோடு நடந்தார்கள். 1884 பிப்ரவரி 29 அன்று சூடானின் எல் தெப் என்ற இடத்தில் 'ஹெக்லா' கப்பலின் கேப்டன் ஆர்தர் வில்சன் பீரங்கிக் குழுவோடு இருந்தார். அணியின் மூலையில் ஓர் இடைவெளி விழுந்ததும் எதிரிகள் பாய்ந்தார்கள். வில்சன் முன்னே தாவித் தனியாக எதிர்கொண்டார். வாள் ஒடிந்தது. கையிலிருந்த பிடியாலும் முஷ்டியாலும் அடித்து நின்றார். தலையில் காயம், பிறகு விக்டோரியா சிலுவை. இந்த மனிதரே 1910இல் கடற்படையின் உச்சத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

அவர் வாள் ஒடிந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் அன்று விற்ற வாள்களில் நல்லது எது, கெட்டது எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது என்பது உண்மை. பிடி, காப்பு, கிரீடம் எல்லாம் விதிப்படி இருந்தால் போதும், அலகின் எஃகை யாரும் சோதிப்பதில்லை. அதிகாரிகள் துறைமுக நகரத்துச் சீருடைக் கடையில் கோட்டோடு வாளையும் சேர்த்து வாங்கினார்கள். ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து அலகுகள் மலிவாக வந்து இறங்கின. லண்டன் பால் மால் வீதியில் துப்பாக்கி விற்றுவந்த ஹென்றி வில்கின்சன் 1840களில் வாள் தொழிலில் இறங்கியபோது பிடித்துக்கொண்டது இந்த ஓட்டையைத்தான். ஒவ்வோர் அலகையும் இயந்திரத்தில் மாட்டி அடித்தும் வளைத்தும் பார்த்தார். தேறியதில் பிடியருகே ஒரு சிறு பித்தளை வில்லையைப் பதித்தார். அலகின் முதுகில் வரிசை எண் பொறித்தார்கள். 1854 முதல் எந்த எண் யாருக்கு விற்றது என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள்.

அந்தப் புத்தகங்கள் தப்பிப் பிழைத்திருப்பது ஆய்வாளருக்கு அதிர்ஷ்டம். சிங்கமுகம் தேய்ந்து, முலாம் போய், உறை காணாமல் போன வாளாக இருந்தாலும் முதுகில் அந்த எண் தெரிந்தால், அதை முதன்முதலில் வாங்கிய இளைஞனின் பெயரை எட்டிவிடலாம். அங்கிருந்து அவன் எந்தெந்தக் கப்பலில் இருந்தான் என்பதற்குக் கடற்படைப் பட்டியல்கள் இருக்கின்றன. எண் இல்லாதபோது கிரீடத்தைப் பார்க்க வேண்டும். 1901இல் ஏழாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்தபின் கிரீடத்தின் வரைவு மாறியது, விக்டோரியா காலத்து வாளைப் பிரித்தறிய அது உதவும். பிடி ஒரு காலம், அலகு இன்னொரு காலமாக இருப்பதும் உண்டு. தகப்பனின் பிடியில் மகன் புது அலகைப் பொருத்திக்கொள்வான். வில்கின்சன் நிறுவனம் 2005இல் வாள் செய்வதை நிறுத்தியது.

வாளின் வடிவம் பிரிட்டனோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் முறையில் பயிற்சி பெற்ற ஜப்பானியக் கடற்படை 1883இல் ஐரோப்பியப் பாணிப் பிடியை வைத்துக்கொண்டது, அந்தப் பிடியில் பல அதிகாரிகள் தங்கள் நாட்டு அலகைப் பொருத்திக்கொண்டார்கள். இந்தியக் கடற்படை அதிகாரி இன்று சடங்குகளுக்குக் கட்டிக்கொள்ளும் வாளும் 1827 பரம்பரையில் வந்ததுதான். குடியரசானதும் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் அமர்ந்தது.

வாளைத் திருப்பித் தரும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தாண்டியும் கொஞ்ச காலம் ஓடியது. தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கப்பலில் அது நடந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வெளியே வந்து நின்று பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி'யிடம் அகப்பட்டது. கிலோமீட்டர் கணக்கில் விலகி நின்று சுட்டுக்கொண்ட சண்டை. கேப்டன் ஃபான் முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றினார். அவர் ஆட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லண்டனிலிருந்து அட்மிரால்டி அனுப்பிய தந்தி, கேப்டன், அதிகாரிகள், மாலுமிகள் அனைவரும் போர் மரியாதைக்கு உரியவர்கள் என்றது. கேப்டனும் அதிகாரிகளும் தங்கள் வாளை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. எண்ணெயும் கரியும் பூசிய உடம்போடு உயிர் தப்பி வந்த மாலுமிகளுக்கு அந்த மரியாதை எப்படிக் காட்டப்பட வேண்டும் என்று தந்தியில் ஒன்றுமில்லை. வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அவர்களிடம் சொந்த வாள் இல்லை.